துரு பார்த்து எடுத்த வண்டி

யாங்கோனின் லான்மடா பகுதியில் தங்கமணியிடம் வாடகைக்கு வண்டி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தோடுதான் வருவார்கள். கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "இந்த மாதிரி வெள்ளை வண்டி வேணும்" என்பார்கள். தங்கமணி படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, "போறவங்கள்ல நோஞ்சான் யாரு?" என்று கேட்பாள். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். அப்புறம் யோசித்து, மாமியாருக்கு முழங்கால் வலி என்றோ, பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும் என்றோ சொல்வார்.

"அதச் சொல்லுங்க மொதல்ல. பலசாலி மாட்டு வண்டியிலகூடப் போய்ச் சேந்துடுவான். நோஞ்சானுக்குத் தோதா வண்டி எடுத்தா, மத்தவங்க தன்னால போய்ச் சேருவாங்க."

இருபத்திரண்டு வருடமாக அவள் இப்படித்தான் வண்டி அனுப்புகிறாள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட அவளிடம் கிடையாது. அலுவலகம் என்று பார்த்தால், ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் முக்காலி, இரண்டு போன். அவ்வளவுதான். யாங்கோனில் வாடகை வண்டி என்றால் ஓட்டுநரும் சேர்த்திதான். பதினான்கு பேர் தங்கள் வண்டிகளை அவளை நம்பி வைத்திருக்கிறார்கள். எந்தப் பயணத்துக்கு எந்த வண்டி, எந்த ஆள் என்று முடிவு செய்வது தங்கமணி. அந்த முடிவில் அவள் அப்பனே வந்தாலும் தலையிட முடியாது.

அவளுடைய கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அப்பா நகரப் பேருந்தில் சப்பேயா, அதாவது வாசலில் தொங்கிக்கொண்டு ஊர் பெயர் கூவி ஆள் ஏற்றுகிற கண்டக்டர். புருஷன் சின்னத்தம்பி த்வாண்டே கால்வாயில் பானை ஏற்றும் படகு ஓட்டுகிறான். "தண்ணியில போறவருக்கு ரோட்டப் பத்தி என்ன தெரியும்" என்று அவனை அடக்கிவிடுவாள். ஆனால் அவள் மட்டும் என்ன, உலகம் சுற்றியவளா? ஐம்பத்தொரு வயதில் அவள் வடக்கே போன தூரம் பக்கத்து ஊரான மாவ்பியின் சந்தை வரை. அவள் அறிந்த குளிர், வங்கியில் வரிசையில் நிற்கும்போது முதுகில் படும் ஏசி.

அப்படியிருந்தும் நாட்டின் எந்த மலையில் எந்த வளைவு சறுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். பயணம் முடிந்து வரும் ஓட்டுநர் யாராக இருந்தாலும் முக்காலியில் உட்கார்ந்து, போன வழி முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் எதிர்க்கடையிலிருந்து டீ வரும். பாதி சொல்லி நிறுத்தினால் டீ கிடையாது. அவர்கள் சொல்வதைத் தமிழும் பர்மியமும் கலந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். அந்த நோட்டுகள் இப்போது ஒன்பது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஜனவரி முதல் வாரம். அதே தெருவில் நான்காம் மாடியில் குடியிருக்கும் மார்த்தா படியிறங்கி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் உடனே பேச முடியவில்லை. மூச்சு சமனாகும் வரை தங்கமணி பேசாமல் காத்திருந்தாள். மார்த்தாவுக்குப் பத்து வருடமாக இழுப்பு. நாலு வார்த்தை பேசினால் நடுவில் நெஞ்சில் ஒரு சீழ்க்கை கேட்கும். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏசிக்கு நேரே உட்கார்ந்ததற்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ஆண்ட்ரூவுக்குக் கல்யாணம் தங்கம். இருபதாம் தேதி."

ஆண்ட்ரூ அவளுடைய ஒரே மகன். சின் மலைநாட்டில், ஹாக்காவில் வேலை பார்க்கிறான். பெண் அங்கேயே பள்ளிக்கூட டீச்சர். கல்யாணம் ஹாக்காவுக்கும் மேலே, பெண்ணின் ஊர்த் தேவாலயத்தில். ஜனவரியில் அங்கே விடிகாலையில் புல் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும் என்று தங்கமணியின் ஏழாவது நோட்டு சொல்கிறது.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"குளிர்க் காத்து நெஞ்சுல படக்கூடாதாம். சொந்தக்காரங்க எல்லாம் போன்ல வீடியோ பாத்துக்கன்னு சொல்றாங்க." மார்த்தா மூச்சு வாங்கினாள். "ஒத்தப் பிள்ள கல்யாணத்த போன்ல பாக்கவா பெத்தேன்? தங்குற வீட்ல கரண்டு ஹீட்டரு வெச்சிருக்கானாம். கோயில் நெறைய ஜனம் இருக்கும், அதுலயும் குளிராது. நடுவுல இருக்குற வழிதான் பயம். நீ வண்டி பாத்துக் குடுத்தா போறேன். முடியாதுன்னு நீ சொல்லிட்டா, வீட்டுலயே ஒக்காந்துக்கறேன்."

தங்கமணி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றினாள். வண்டி பழுதானால் வேறு வண்டி அனுப்பலாம். மூச்சு நின்றால் என்ன அனுப்புவது? பாதி வழி விமானத்தில் போய், அங்கே இறங்கி வண்டி பிடிக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அதை அவளே தள்ளினாள். முன்பின் பார்த்திராத வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

"போலாம்க்கா. நான் பாத்துத் தரேன்" என்றாள்.

இதற்குள் மார்த்தாவின் செத்துப்போன கணவனுக்கு அண்ணன் ஞானசுந்தரம் ஒரு வண்டியே பேசி முடித்திருந்தார். அரசாங்க அலுவலகத்தில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மிஷன் பள்ளிக்கூடத்துப் பரம்பரை. தெருவில் எல்லோரும் அவரை 'சயா' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் பிடித்திருந்தது பளபளக்கும் புது வெள்ளை வண்டி. "மாப்பிள்ள வீட்டுக்காரங்க நாம. ஆள் பாதி ஆடை பாதிம்பாங்க. எறங்கும்போது பாக்குறவங்க மதிக்க வேணாமா?" என்றார்.

தங்கமணி மறுநாள் அதைத் தெருவுக்கு வரச் சொன்னாள். கூடவே, தன்னிடமிருந்த பதினான்கில் நான்கு ஜீப்புகளையும் வரச் சொன்னாள். ஒரு சாக்கை விரித்து, இடுப்பில் கட்டியிருந்த தமேன் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் மல்லாந்து படுத்துப் போய்ப் பார்த்தாள். ஐம்பத்தொரு வயதுப் பெண்பிள்ளை நடுத்தெருவில் வண்டிக்கு அடியில் கிடப்பதை லான்மடா அதற்கு முன்பும் பார்த்திருக்கிறது. யாரும் சட்டை செய்யவில்லை. ஞானசுந்தரம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசி ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. "சயா, இதான் வண்டி" என்றாள்.

அது ஓட்டுநர் பீர் முகைதீனின் பழைய ஜப்பான் ஜீப், சர்ஃப். இருபது வயது தாண்டிய டீசல் வண்டி. பெயிண்ட் அங்கங்கே வெளுத்திருந்தது. பீர் முகைதீனே அதைச் சபைக்குக் கொண்டுவரக் கூச்சப்பட்டு, வரிசையில் கடைசியாக நிறுத்தியிருந்தார்.

"இதா? அடியெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கே!" என்றார் ஞானசுந்தரம்.

"அந்தத் துருதான் சயா கணக்கு" என்றாள் தங்கமணி. ஜப்பானில் பனி கொட்டும் ஊர்களில், ரோட்டுப் பனி கரைய உப்பு போடுவார்கள். அந்த உப்பு பட்டுத்தான் வண்டியின் அடிவயிறு இப்படித் துருப்பிடிக்கும். அப்படித் துருப்பிடித்த வண்டி பனிநாட்டுக்கென்றே செய்த வண்டி. அதற்குப் பெரிய பாட்டரி, பின்சீட்டுக்காரர்களுக்கும் தனியாக ஒரு ஹீட்டர் எல்லாம் உண்டு. யாங்கோனில் வாங்குகிறவர்கள் துருவைப் பார்த்து முகம் சுளித்துப் போய்விடுவார்கள். இந்தத் துரு மேலோட்டமானதா, வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தின்றுவிட்டதா என்று சுத்தியால் தட்டியும் பார்த்துவிட்டாள். சட்டம் கணீரென்றது.

வாயால் சொல்லி ஞானசுந்தரம் கேட்கிற ஆள் இல்லை. வெயில் ஏறும் முன்பே அவரை முதலில் வெள்ளை வண்டியில் ஏற்றி, கண்ணாடியை மூடி, சூட்டுப் பக்கம் குமிழை முழுக்கத் திருப்பிவிட்டாள். பத்து நிமிடம் கழித்து அவர் கைக்குட்டைகூட எடுக்காமல் இறங்கினார். குளிர்ந்த காற்று நின்றதே தவிர, சூடு என்று ஒன்று வரவில்லை. "இது வெயில் நாட்டுக்குன்னே செஞ்சது சயா. சூடு குடுக்குற பெட்டியே இதுல வைக்கல. கீழயும் தாழ்வு, பாறை தட்டும். அப்புறம் இதுக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம்ம ரோட்டுல வலது ஓரமா போறோம். மலைல வலது ஓரம்னா பாதி நேரம் பாதாளம். டிரைவர் வலது பக்கம் ஒக்காந்தாத்தான் சக்கரம் எங்க நிக்குதுன்னு கண்ணால பாக்க முடியும்."

அடுத்த நாலு நாள் சர்ஃபை மெக்கானிக் சிவராஜின் பட்டறையில் விட்டாள். யாங்கோனில் ஹீட்டரை யார் போடப் போகிறார்கள்? அதற்குப் போகும் தண்ணீர்க் குழாய்களைப் பழைய சொந்தக்காரர் துண்டித்து வளைத்துக் கட்டியிருந்தார். சிவராஜ் அவற்றைத் திரும்ப மாட்டினான். குளிர் காலையில் டீசல் எஞ்சினைக் கிளப்பும் குளோ பிளக் நான்கும் செத்திருந்தன. இந்த ஊர் வெயிலில் அவை இல்லாமலே வண்டி கிளம்பிவிடுவதால் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவற்றையும் மாற்றினான். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு உறையாத திரவம் ஊற்றினான். டயர் நான்கும் புதிது. முடிந்ததும் தங்கமணி ஞானசுந்தரத்தை ஒரு நடுமதியத்தில் மறுபடி கூட்டி வந்து, கண்ணாடியை மூடி, ஹீட்டரைத் திருப்பினாள். மூன்றாவது நிமிடத்தில் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது நிமிடத்தில் கதவைத் தட்டினார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வேர்க்குதா சயா?"

"போதும் போதும், தொறக்கச் சொல்லு" என்று இறங்கினார். அதற்கு மேல் அவர் வெள்ளை வண்டியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் இல்லை.

பதினாறாம் தேதி விடிந்ததும் மார்த்தா, ஞானசுந்தரம், சீர்ப் பெட்டிகள், பீர் முகைதீன் என்று சர்ஃப் கிளம்பிப் போயிற்று. முதல் நாள் பக்கோக்கூ. இரண்டாம் நாள் கங்காவ். மூன்றாம் நாள் மலை. தங்கமணி தெருமுனை வரை நடந்து போய்க் கையாட்டிவிட்டு வந்தாள். மனசு நிறைந்திருந்தது. தான் அனுப்பியதிலேயே இதுதான் சரியான வண்டி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தக் கர்வத்துக்கு ஆயுசு ஆறு மணி நேரம்.

மதியம் சிவராஜ் டீ குடிக்க வந்தான். அவனும் நல்ல உற்சாகத்தில் இருந்தான். "அக்கா, அந்த வண்டி மலை ஏறும்போது கொதிக்குமேன்னு கவலையே படாதீங்க. அஞ்சு வருஷமா நான்தான பாக்கறேன். ஒரு தடவ கொதிச்சதில்ல. தெர்மோஸ்டாட்ட அப்பவே கழட்டி எறிஞ்சாச்சு."

தங்கமணி கோப்பையை மேசையில் வைத்தாள்.

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினில் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் சின்ன பித்தளை அடைப்பு. ஒரு பாட்டில் மூடி அளவுதான். எஞ்சின் சூடாகும் வரை மூடியே இருக்கும். சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். யாங்கோன் மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்காது. இந்த வெயிலில் அது மூடிக்கொண்டு நின்றுவிட்டால் வண்டி கொதிக்கும் என்று முதல் வேலையாகக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஊர் முழுக்க அதுதான் வழக்கம். அதனால் இங்கே ஒரு தொல்லையும் கிடையாது. ஆனால் குளிர் மலையில் அது இல்லையென்றால் எஞ்சின் சூடாகவே ஆகாது. எஞ்சின் சூடாகாவிட்டால் ஹீட்டருக்கு ஏது சூடு? இறக்கத்தில் வண்டி இறங்கும்போது, ஹீட்டர் வழியாகக் குளிர்க் காற்றுதான் மார்த்தாவின் நெஞ்சில் வந்து அடிக்கும். நடுமதிய வெயிலில் ஞானசுந்தரத்தை வேர்க்க வைத்ததில் பாதி ஹீட்டர், பாதி லான்மடா வெயில்!

"நீ ஏண்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையேக்கா." சிவராஜ் நிஜமாகவே புரியாமல் விழித்தான். "அது எல்லா வண்டியிலயும் கழட்டுறதுதான?"

அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். தப்பு தங்கமணியுடையது. பத்துக் கேள்வி கேட்டவள் பதினோராவதைக் கேட்கவில்லை. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவளுக்கு, எஞ்சின் சூடாகாமல் போகலாம் என்று தோன்றவே இல்லை.

பீர் முகைதீனுக்குப் போன் போட்டாள். ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து மறைத்து ஓட்டலாம் என்று அவர் சொன்னார். ஏற்றத்தில் எடுக்க வேண்டும், இறக்கத்தில் வைக்க வேண்டும். மறந்தால் கொதிக்கும். "அட்டைய நம்பி அக்கா மூச்ச விடவா பாய்? பக்கோக்கூல விடிஞ்சும் கிளம்பாதீங்க. நான் சொல்ற வரைக்கும் இருங்க."

பிறகு சிவராஜை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். புது உதிரிபாகக் கடை ஏழில் ஏறி இறங்கினார்கள். எல்லோரும் கழற்றி எறிகிற சாமானை யார் வாங்கி விற்பார்கள்? கடைசியில் ஜப்பானிலிருந்து பாதி பாதியாக வெட்டி வரும் பழைய வண்டிகளைக் குவித்து வைத்திருக்கும் ஆபித்தின் கொட்டகைக்குப் போனார்கள். போன வாரம் வந்து இறங்கிய எஞ்சின் ஒன்று, இன்னும் எந்த யாங்கோன் கையும் படாமல் கிடந்தது. சிவராஜ் இரண்டு போல்ட்டைக் கழற்றினான். உள்ளே பித்தளை மினுங்கியது.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா? டீக்கடைக்கு எடுத்துப் போய், ஒரு குவளை நிறைய கொதிக்கிற தண்ணீர் வாங்கி அதற்குள் போட்டாள். கடைக்காரர் என்ன பலகாரம் இது என்று எட்டிப் பார்த்தார். அடைப்பு மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்து ஊதினால் மூடிக்கொண்டது. மூன்று தடவை போட்டு எடுத்துப் பார்த்த பிறகுதான் அதைத் துணியில் சுற்றினாள்.

"பஸ்ல பார்சல் போட்டுடலாம்க்கா. பீர் பாய் மாட்டிக்குவாரு" என்றான் சிவராஜ்.

"பார்சல் போகும்டா. என் வார்த்தை போகுமா? போலாம்க்கான்னு சொன்னது நானு. மாட்டுறது எப்படின்னு காட்டு."

பட்டறையில் ஒரு மணி நேரம் அதே மாதிரி எஞ்சினில் கழற்றி மாட்டிப் பழகினாள். சாயங்காலப் பேருந்தில், கையில் ஸ்பானர் பையோடு ஏறினாள். சின்னத்தம்பிக்குப் போனில் சொன்னாள். மாவ்பியைத் தாண்டாதவள் பக்கோக்கூ போகிறாள் என்பது அவனுக்கு ஜீரணமாக நேரம் எடுத்தது. "சரி, பாத்துப் போ" என்றான்.

காலை ஏழு மணிக்கு அவள் பக்கோக்கூ விடுதி வாசலில் நின்றபோது, ஞானசுந்தரம் கோட்டும் சூட்டுமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். மார்த்தா எழுந்தே நின்றுவிட்டாள். தங்கமணி சுற்றி வளைக்கவில்லை. இன்ன சாமான் இல்லை, இது இல்லாவிட்டால் மலையில் ஹீட்டர் வேலை செய்யாது, அதை நான் பார்க்கத் தவறிவிட்டேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஆரம்பித்தார் ஞானசுந்தரம். "இப்படி அரைகுறையா ஒரு வண்டிய நம்பி ஒரு உசுர..."

"ஆமாங்க சயா. தப்பு என்னுது. அதான் நானே வந்தேன். அர மணி நேரம் குடுங்க. அப்புறம் போறதா திரும்புறதான்னு அக்கா சொல்லட்டும்."

பானெட்டைத் திறந்தாள். பீர் முகைதீன் கை நீட்டினார். கொடுக்கவில்லை. விரலில் கிரீஸ் அப்ப, அவளே கழற்றினாள், அவளே மாட்டினாள். பேக்கிங் பொருந்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். எஞ்சினைக் கிளப்பியதும் ஒழுகல் இல்லை. சூடு காட்டும் முள் மெல்ல ஏறி, நடுவில் வந்து, ஆணி அடித்தாற்போல் நின்றது. முந்தின நாள் முழுக்க அது அடியிலேயே கிடந்ததைப் பார்த்துப் பார்த்து வந்த பீர் முகைதீன், "மாஷா அல்லாஹ்" என்றார்.

மார்த்தா வண்டிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அவ்வளவுதான் அவள் தீர்ப்பு. பிறகு தலையை வெளியே நீட்டி, "நீயும் ஏறு தங்கம். இவ்ளோ தூரம் வந்துட்டு எங்க திரும்புற?" என்றாள்.

இடது பக்கம் முன்சீட்டு காலியாக இருந்தது. வலது பக்க ஓட்டுநருக்கு, முன்னால் போகும் லாரியைத் தாண்ட எதிர்ப்பக்கம் தெரியாது. தங்கமணி எட்டிப் பார்த்து, "வரலாம், வரலாம்... நில்லுங்க, வண்டி வருது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சப்பேயா மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

கங்காவில் ராத்தங்கி, மறுநாள் மலை ஏறினார்கள். நோட்டில் எழுதி வைத்த வளைவுகள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றன. "இதுக்கப்புறம் மண்ணு சரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கணும் பாய்" என்பாள். இருக்கும். ஓரிடத்தில் ரோட்டில் பாதி கீழே போயிருந்தது. மீதி இருந்தது ஒரு வண்டி அகலம். பீர் முகைதீன் வலது கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே விட்டு, தன் சக்கரத்துக்கும் பாதாளத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் மண்ணைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து கடந்தார். கண்ணாடி திறந்த அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே வந்த காற்றில் எல்லோருக்கும் பல் கிட்டியது. மார்த்தா சால்வையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணாடி ஏறியதும் ஹீட்டர் அதை விழுங்கிவிட்டது.

உச்சி தாண்டி நீண்ட இறக்கம் வந்தது. வெளியே மூடுபனி. எஞ்சின் வேலையில்லாமல் உருளும் இந்த இடத்துக்குத்தான் தங்கமணி இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். கண்ணை முள்ளைவிட்டு எடுக்கவில்லை. முள் அசையவில்லை. பின்சீட்டில் ஞானசுந்தரம் தன் பக்கத்துக் காற்றுவழியில் கையை வைத்துப் பார்த்தார். சற்றுக் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். மார்த்தா தூங்கிவிட்டிருந்தாள். கன்னத்தில் இளஞ்சூடு ஏறிச் சிவந்திருந்தது.

கல்யாணத்தன்று காலை, தங்கும் வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு மூன்று மைல். விடிகாலையில் எழுந்த தங்கமணி, ஏழாவது நோட்டில் எழுதி வைத்திருந்த வெள்ளையைக் காலடியில் பார்த்தாள். அது செருப்பின் கீழ் நொறுங்கியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எல்லோருக்கும் சூடு தேடி அலைந்தவள் தனக்கென்று ஒரு ஸ்வெட்டர்கூடக் கொண்டுவரவில்லை. பருத்தித் தமேனும் ரப்பர்ச் செருப்புமாக நின்று, ஒற்றைச் சால்வையை இறுக்கிக்கொண்டாள். அந்தக் குளிரில் சர்ஃப் முதல் சாவியிலேயே கிளம்பியது. உள்ளே சூடேறும் வரை காத்திருந்து, மார்த்தாவை வாசலிலிருந்து நேராக வண்டிக்குள் ஏற்றி, தேவாலயப் படியில் இறக்கினார்கள்.

உள்ளே ஜனம் நெருக்கியடித்தது. மார்த்தா எப்போது வெளியே வந்தாலும் வண்டி சூடாக இருக்க வேண்டும் என்று தங்கமணி உள்ளே போகாமல், ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவளை வண்டிக்குள் உட்காரச் சொல்லி பீர் முகைதீன் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். தேவாலய ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றால்தான் உள்ளே பேசுவது கேட்கும் என்று மறுத்துவிட்டாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

சடங்கு தொடங்குவதற்கு முன் ஞானசுந்தரம் வெளியே வந்தார். எதற்கோ வந்தவர் போல இரண்டு அடி அப்படி நடந்து, இரண்டு அடி இப்படி நடந்தார். பிறகு தன் கம்பளிக் கோட்டைக் கழற்றித் தங்கமணியின் தோளில் போட்டார்.

"ஐயோ, வேணாம் சயா. மாப்பிள்ள வீட்டுப் பெரியவரு நீங்க, வெறும் சட்டையோடயா..."

"போட்டுக்கோ டோ தங்கமணி. உள்ள கேட்டாங்க, யாங்கோன்லேந்து இந்தக் குளிர்ல இவங்களக் கூட்டிட்டு வந்த வண்டி யாருதுன்னு. எங்காளு எடுத்துக் குடுத்ததுன்னு சொன்னேன்." வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு, வேகமாக உள்ளே போய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அவள் பெயருக்கு முன்னால் 'டோ' சேர்த்து, அம்மா என்கிற மரியாதையோடு கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பாட்டு நின்றது. மணமகனின் தாய் பிள்ளைகளை ஆசீர்வதித்துப் பேச வேண்டும் என்றார் போதகர். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மார்த்தாவின் குரல் மைக்கில் வந்தது. பெண் வீட்டார் யாருக்கும் புரியாது என்று தெரிந்தும் தமிழிலேயே பேசினாள். ஆண்ட்ரூ பிறந்ததைச் சொன்னாள், அவன் அப்பாவைச் சொன்னாள், மருமகளைத் தன் மகள் என்றாள். தங்கமணி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது பேச்சை அல்ல. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நெஞ்சில் வரும் அந்தச் சீழ்க்கைக்காகக் காத்திருந்தாள். நாலு வார்த்தை போயிற்று. பத்துப் போயிற்று. மார்த்தா நீளமாகப் பேசிக்கொண்டே போனாள்.

"பாய், கேக்குதா?"

"ஜெபந்தானக்கா? நல்லாக் கேக்குதே."

"ஜெபமில்ல. இழுப்பு."

பீர் முகைதீன் ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்தார். உள்ளே மார்த்தா 'ஆமென்' என்று முடிக்கும் வரை அப்படியே நின்று கேட்டார்.

"இல்லக்கா. ஒண்ணுமே கேக்கல."

"கேக்காதில்ல?" என்றாள் தங்கமணி. அழுகையும் சிரிப்புமாக முகத்தை ஞானசுந்தரத்தின் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டாள். "நான் பாத்து எடுத்த வண்டி பாய் அது."